தினமும் மூன்று வேலை

டாக்டரம்மாவை ஒரு கை பார்த்துவிடுவது என்று பிழையார் முடிவு செய்தது ஒரு திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

"இனிமே அந்தம்மா எழுதற சீட்டுக்கெல்லாம் நான் தலையாட்டப் போறதில்லை. ஆராய்ச்சி பண்ணப் போறேன்."

"பண்ணுங்க," என்றாள் அவர் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல். "அதுக்கு முன்னாடி பிபி மாத்திரையைப் போட்டுடுங்க."

போட்டுக்கொண்டார். ஆராய்ச்சி பண்ணுகிறவனுக்கும் ரத்த அழுத்தம் உண்டே.

பிழையார் என்பது அவர் பெயர் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, அதே சிவப்புப் பேனா. தெருவில் முதலில் 'பிழை சார்' என்றார்கள். நாளடைவில் மரியாதை கூடிப் 'பிழையார்' ஆகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் பிள்ளையார் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வதும் உண்டு. அதை அவர் தடுப்பதில்லை. 'ள்ளை'யை மட்டும் 'ழை'யாகத் திருத்திவிட்டுப் போவார்.

தன் கைக்கு வந்த தாளில் இதுவரை ஒரு பிழை தப்பிப் போனதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. சொத்து, சுகம், பதவி என்று வேறெதுவும் அவரிடம் இல்லை. இது ஒன்றுதான் இருந்தது. அதனால் இதையே நாலு பேர் சொத்துக்குச் சமமாக வைத்துக் கொண்டாடினார். மளிகைக் கடைப் பலகை, பஸ்ஸின் பின்புறம், கல்யாணப் பத்திரிகை, எதுவாக இருந்தாலும் கண் முதலில் ஒற்றுக்குத்தான் போகும். மாப்பிள்ளை யார் என்று அப்புறம்தான் பார்ப்பார்.

தன் சொந்தக் கல்யாணத்திலேயே இந்த வேலையைக் காட்டிவிட்டார் மனுஷன். நிச்சயமான புதிதில் அவள் ஒரு கடிதம் எழுதினாள். வெட்கப்பட்டு, மூன்று நாள் யோசித்து எழுதிய முதல் கடிதம். அதில் 'வலி மேல் விழி வைத்துக் காத்திருக்கிறேன்' என்று ஒரு வரி. இவர் 'வலி'யைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'வழி என்று இருக்க வேண்டும்' என்று ஓரத்தில் எழுதி, அடியில் 'மொத்தம் நான்கு பிழை' என்று கூட்டுத்தொகையும் போட்டுத் திருப்பி அனுப்பினார். அவர் கணக்கில் அது பாசம். அவள் அதற்கப்புறம் அவருக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. மளிகைச் சாமான் பட்டியலைக்கூட வாயால்தான் சொல்வாள்.

அவளுக்கும் வேலைக்குக் குறைவில்லை. காலையில் சமையல், பாத்திரம், அப்புறம் மிஷின். மத்தியானம் சமையலறை, பாத்திரம், மறுபடி மிஷின். தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கையும் கிளினிக்கின் திரைச்சீலையும் அவள் தைத்தவைதான். இடுப்பு வலி என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடமாட ஒரு கை கொடுக்க ஆள் இருந்தால் போதும் என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஆள் இருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து சாய்வு நாற்காலியில் விழுந்து, பேப்பரை விரித்து, பேனா மூடியைக் கழற்றுவார்.

"அந்தத் துணியைக் கொஞ்சம் மடிச்சு வைங்களேன்."

"நான் மூளையால உழைக்கறவன்ம்மா."

"கையை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

அதற்குள் அவர் சிவப்பு வட்டம் போடத் தொடங்கியிருப்பார். செய்தித்தாளில் ஒரு சந்திப்பிழை கிடைத்திருக்கும்.

ஆராய்ச்சிக்கு வருவோம். இரண்டு மாதமாக அவருக்கு மருந்துச் செலவு எகிறிவிட்டது. டாக்டரம்மா சீட்டு எழுதுவார். பக்கத்து ஜன்னலில் கம்பவுண்டர் அம்மா மாத்திரைகளைக் கவரில் போட்டுக் கொடுப்பார். கவர் வீட்டுக்கு வரும். மனைவி மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைப்பாள். இவர் விழுங்குவார். இவ்வளவுதான் இவருக்குத் தெரிந்த மருத்துவம். ஆனாலும் டாக்டரம்மா எல்லோருக்கும் ஒரே மருந்தை எழுதுகிறார், தேவைக்கு மேல் எழுதுகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தெருவில் வீடுவீடாகப் போய்ச் சீட்டு வாங்கி நிரூபித்துவிட்டால் போதும்.

"அடுத்தவங்க சீட்டை வாங்கிப் படிக்கறது நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"பேரை மடிச்சு மறைச்சுக்கச் சொல்லிடுவேன்."

"வீட்டுக்குள்ள போய் வாங்கிட்டு வந்து பேரை மறைக்கறீங்களா?"

முதல் வீடு கிளட்ச் வீடு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் இடது கால் தன்னால் தரையை அழுத்தும், அதனால் அந்தப் பெயர்.

"சீட்டு இருக்கா?" என்றார் பிழையார்.

"கட்டு முழுசா இல்லை சார். இஸ்பேட் ராஜா காணாம போயிட்டார்."

"ஆடற சீட்டு இல்லை. மருந்துச் சீட்டு."

"அதுவா. எதுக்கு?"

"ஆராய்ச்சி. உங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"முழங்கால். கத்துக்க வர்றவங்க கிளட்ச் அழுத்தறதுக்குள்ள என் காலு அழுத்திடுது. நாள் முழுக்க வெறும் தரையை மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சு போச்சு."

"என்ன குடுத்தாங்க?"

"வலி மாத்திரை ஒண்ணு. அப்புறம் வயித்துக்குச் சின்ன வெள்ளை, சத்துக்கு மஞ்சள், பசிக்கு ஒரு டானிக்."

"முழங்காலுக்குப் பசிக்குமா?"

கிளட்ச் யோசித்தார். "கேக்கலை சார். குடுத்தாங்க, குடிச்சேன்."

நான்கு நாளில் இருபத்து மூன்று சீட்டு சேர்ந்தது. ஒரு பெரிய தாளில் கோடு போட்டு எழுதினார். இருபத்து மூன்றில் பத்தொன்பது பேருக்குச் சின்ன வெள்ளை. பதினாறு பேருக்கு மஞ்சள். பதினான்கு பேருக்கு டானிக். தலைவலிக்காரருக்கும் அதே, கால்வலிக்காரருக்கும் அதே. இருமலுக்குப் போன ஒருத்தருக்கும், துணைக்குப் போன அவர் மச்சானுக்கும் அதே. செலவையும் கூட்டினார். தெருவிலேயே அதிகம் யார் வீட்டில் என்று பார்த்தால், இவர் வீட்டில். அதுவும் மற்றவர்களைப் போல நாலு மடங்கு.

"பாத்தியா? நம்ம தலையில மொளகா அரைக்கறாங்க," என்றார்.

"கவர்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள் அவள், நூல் கோத்துக்கொண்டே. தற்செயலாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவள் பின்னாளில் பலமுறை நன்றி சொல்லிக்கொண்டாள்.

பிழையார் முதன்முறையாக மாத்திரைக் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தார். கிளினிக்கின் பெயர், நேரம், தொலைபேசி எண். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் மூன்று வரி.

தினமும் மூன்று வேலை.
உணவுக்குப் பின்.
தவறக் கூடாது.

அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"வேலை," என்றார் மெதுவாக, இனிப்பு சாப்பிடுவது போல. "வேளைக்குப் பெரிய ள. இவங்க சின்ன ல போட்டிருக்காங்க. எந்த அரைவேக்காட்டு அச்சகத்துல அடிச்சாங்களோ, எந்தத் தூங்குமூஞ்சி பிழை பாத்தானோ."

அவள் கவரை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"தினமும் மூன்று வேலை. உணவுக்குப் பின்," என்றாள்.

"நாளைக்கு ஒருத்தன் இதை அப்படியே நம்பி மூணு வேலை செஞ்சா யார் பொறுப்பு? அச்சுல வந்துட்டா அதான் சட்டம். எழுத்துல இருக்கறதுதான் செல்லும்."

"எழுத்துல இருக்கறதுதான் செல்லுமா?"

"அதுதான் செல்லும்."

"அப்புறம் பேச்சு மாறமாட்டீங்களே?"

"என் சிவப்புப் பேனா மேல சத்தியம்."

அவள் கவரை மடித்து மிஷின் இழுப்பறையில் வைத்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்றாள்.

பிழையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே மறுபடி வீடுவீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டுக் கவரிலும் 'வேலை'யைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, வீட்டுப் பெண்மணிகளைக் கூப்பிட்டு, விரலை வைத்து விளக்கினார். பெண்மணிகள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்டார்கள். சிலர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்கள். ஒருத்தி கவரைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். தமிழ் மேல் இவர்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று பிழையாருக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவர் மனைவி கிளினிக்குக்குத் திரைச்சீலை கொடுக்கப் போனாள். பத்து நிமிஷ வேலை. வர ஒரு மணி நேரம் ஆனது. ஜன்னல் அளவு சரிபார்த்தேன் என்றாள்.

சனிக்கிழமை பிழையார் போருக்குக் கிளம்பினார். கையில் தாள், சட்டைப் பையில் பேனாவும் இன்னொரு கவரும்.

"நானும் வரேன்," என்றாள் அவள். "நீங்க நாலு பேர் முன்னாடி பேசிக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். பிழையார் சண்டைக்குத் தயாராக நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க சார். இதை நானே பண்ணியிருக்கணும்."

இது அவர் எதிர்பார்க்காத அடி. இருந்தாலும் சமாளித்தார். "பத்தொன்பது பேருக்கு ஒரே மாத்திரை. ஏன்?"

"கேக்கறாங்க. மாத்திரை எழுதாம அனுப்பினா, டாக்டரம்மா ஒண்ணுமே தரலைன்னு கோவிச்சுக்கறாங்க. நானும் கொஞ்சம் வளைஞ்சுதான் போயிட்டேன், அது என் தப்பு. ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்தார். பிபிக்குத் தினம் ஒரு மாத்திரை போதும்னேன். 'ஒரே ஒரு வரியா? இதுக்கா ஒரு மணி நேரம் உக்காந்தேன்'னு கேட்டார். அசதிக்கு ஒண்ணு, செரிமானத்துக்கு ஒண்ணு, தூக்கத்துக்கு ஒண்ணுன்னு வாதாடி மூணு வரி சேத்து வாங்கிட்டுத்தான் எழுந்தார்."

"யார் அந்த மடையன்?"

டாக்டரம்மா அவரையே பார்த்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். பிழையாருக்கு அந்த ஒரு மணி நேரமும், தான் உட்கார்ந்திருந்த பெஞ்சும் மெதுவாக ஞாபகம் வந்தன.

"அது இருக்கட்டும்," என்றார். "செலவுக்கு வாங்க. தெருவிலேயே எங்க வீட்டுக்குத்தான் அதிகம்."

"அதே மருந்து கால் விலைக்கு இருக்கு. எல்லாருக்கும் அதைத்தான் குடுக்கறோம். உங்களுக்கும் குடுத்தோம். நீங்கதான் திருப்பி அனுப்பிட்டீங்க."

"ஜன்னல்ல நீட்டின அட்டையில 'குளந்தைகளுக்கு எட்டாத இடத்தில்'னு போட்டிருந்ததும்மா. குழந்தையே எழுதத் தெரியாதவன் மாத்திரையை எப்படி நம்பி முழுங்கறது?"

"மருந்து சரியான மருந்து சார். எழுத்துதான் தப்பு."

இதை ஒரு பிழை திருத்துகிறவரிடம் சொல்லலாமா? பிழையார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். கவரை மேஜை மேல் வைத்து விரலால் தட்டினார்.

"எழுத்துதான் தப்புங்கறீங்க. இதைப் பாருங்க. எந்த அரைவேக்காட்டு அச்சகத்துல அடிச்சீங்க?"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கம்பவுண்டர் அம்மாவுக்கு இருமல் வந்தது. மருந்து இத்தனை இருக்கிற இடத்தில் இப்படி இருமுகிறாரே என்று பிழையார் நினைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா கவரைப் படித்தார். "தினமும் மூன்று வேலை. இதுல என்ன சார் தப்பு?"

"வேளைன்னு இருக்கணும்."

"எழுத்துல இருக்கறதுதான் செல்லும்னு நீங்க சத்தியம் பண்ணினதா உங்க வீட்டம்மா சொன்னாங்களே."

"சொன்னேன். அதாவது, நான் சொன்னது என்னன்னா..."

"பேச்சு மாறமாட்டார் டாக்டர்," என்றாள் மனைவி. "அந்த விஷயத்துல தங்கம்."

டாக்டரம்மா புதுச் சீட்டை இழுத்தார். "நீங்க கேட்டபடியே குறைச்சுடறேன். பிபி மாத்திரை காலையில ஒண்ணு, விலை குறைஞ்சது. குளந்தையோ குழந்தையோ, அதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மத்த மூணும் வேண்டாம். அசதி, செரிமானம், தூக்கம் மூணுக்கும் சேத்து மூணு வேலை. குனிஞ்சு நிமிர்ந்து செய்யற வேலையா இருக்கணும். உணவுக்குப் பின். தவறக் கூடாது."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "செலவு நாலுல ஒரு பங்குக்கும் கீழ குறைஞ்சு போச்சு. ஜெயிச்சுட்டீங்க."

ஜெயித்தவர் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தேய்ச்சது ஒரு வேலை, கழுவினது ஒரு வேலை. ரெண்டு ஆச்சு," என்றார்.

"ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு வேலை. உணவுங்கறதுல மூணு எழுத்து இருக்கு, அதுக்காக மூணு தட்டா வைக்கறேன்?"

"வேலை நாள்ல மத்தியானம் நான் அச்சகத்துல இருப்பேனே. அந்த வேளை வேலைக்கு என்ன பண்றது?"

"சாயங்காலம் சேத்துச் செஞ்சுடுங்க. மாத்திரையைத்தான் சேத்துப் போடக் கூடாது. வேலைக்கு அந்தத் தொந்தரவு கிடையாது."

அன்றைக்கு அவர் பாத்திரம் கழுவி, கூடத்தைத் துடைத்து, ஒரு மூட்டைத் துணியை மடித்தார். மடித்த துணியை அவள் பிரித்து மறுபடி மடித்தாள் என்பது வேறு விஷயம்.

ஒரு வாரம் போனது. உள்ளதைச் சொல்வதானால் அசதி குறைந்துதான் இருந்தது. பசித்தது. படுத்ததும் தூக்கம் வந்தது. இதையெல்லாம் அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தெருவில் ஒரு மாறுதலைக் கவனித்தார். பெண்மணிகள் எல்லோரும் அவரைப் பார்த்தால் வாயெல்லாம் பல்லாக, "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று கேட்டார்கள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கிளட்ச் வாசலில் வாளியோடு நின்றிருந்தார். தரை துடைக்கும் துணி தோளில் கிடந்தது.

"நல்லா இருப்பீங்க சார் நீங்க," என்றார். நல்லா இருக்கச் சொல்கிற குரலாக இல்லை.

"என்ன ஆச்சு?"

"மூணு வேலை ஆச்சு. காலையில பாத்திரம், இப்ப தரை, ராத்திரி துணி காயப்போடணும். முழங்காலுக்கு மருந்து வாங்கினவன் சார் நான், முழங்கால் போட்டுத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன். கேட்டா, 'பிழையார் அண்ணனே வட்டம் போட்டுக் காட்டினார், அவர் வீட்டுலயும் அதான் நடக்குது'ங்கறா. தெரு முழுக்க இதான் சார் கதை. அந்த வட்டத்தை உங்களை யார் போடச் சொன்னா?"

சொல்லும்போதே இடது கால் தரையை அழுத்தியது. வாளித் தண்ணீர் பிழையார் செருப்பில் கொட்டியது.

அன்று பிழையார் இரண்டாவது முடிவு எடுத்தார். இந்தக் கவரை அச்சடித்தவனைக் கண்டுபிடிப்பது, பிழையை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைப்பது, புதுக் கவர் அடிக்க வைப்பது. 'ல' போய் 'ள' வந்துவிட்டால் தெருவில் இருபத்து மூன்று ஆண்களுக்கு விடுதலை. தனக்குச் சாய்வு நாற்காலி. நேராகக் கிளினிக் ஜன்னலுக்குப் போனார்.

"இந்தக் கவர் எங்க அடிச்சது?"

கம்பவுண்டர் அம்மாவுக்கு மறுபடி இருமல் வந்தது. "என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க அச்சகத்துலதான்."

அந்த அச்சகத்தில் பிழை பார்க்க இன்னொரு ஆள் கிடையாது. ஓட்டமும் நடையுமாக அச்சகத்துக்குப் போய், பழைய வேலைகளின் கோப்பைத் தேடினார். மூன்றாவது அடுக்கில் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் எடுத்த மாதிரித் தாள். அதன் கீழே, அவருடைய அழகான கையெழுத்தில், 'பிழையில்லை. அச்சிடலாம்.' பக்கத்தில் கையொப்பம். தேதி.

தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. ஜலதோஷம் பிடித்திருந்த வாரம். டாக்டரம்மா கொடுத்த ஜலதோஷ மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார். இவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து, கண் செருக, வந்த தாளையெல்லாம் கொட்டாவியோடு பார்த்து அனுப்பினார். அந்தத் தூங்குமூஞ்சி இவர்தான்.

பாவம், மனுஷன். இருபத்தாறு வருஷம். ஒரு பிழை. அதுவும் மூன்று வரியில், தடித்த எழுத்தில். ஊருக்கெல்லாம் வட்டம் போட்டுக் காட்டினாரே, அது தன் முதுகில் தானே போட்டுக்கொண்ட வட்டம். தெரிந்தால் தெருவில் பிழையார் என்ற பெயருக்கு அர்த்தமே மாறிவிடும். அடுத்த முறை அவர் யாருடைய ஒற்றைத் திருத்தினாலும் எதிராளி அந்தக் கவரைத்தான் எடுத்து நீட்டுவான்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தாளை உருவி எட்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இனி யார் கேட்டாலும், என் கண்ணுக்கே வராமல் அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கிளினிக் அடுத்த முறை கவர் அடிக்க வரும்போது சத்தமில்லாமல் ஒரு 'ள' போட்டுவிட்டால் பிழையும் போகும், வேலையும் போகும். சாட்சி கிடையாது. பிழையார் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சாயங்காலச் சாப்பாடு முடிந்தது. பாத்திரம் கழுவினார். கூடம் பெருக்கினார். மூன்றாவது வேலையாகச் சமையலறை மேடையைத் துடைக்கவேண்டியது பாக்கி. அவள் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்து வந்தாள்.

"கம்பவுண்டர் அம்மா குடுத்தாங்க. கவர் தீர்ந்து போச்சாம். பத்தாயிரம் அடிக்கணுமாம். பழைய மாதிரியேதான், ஆனா நீங்க ஒரு தடவை பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடணுமாம்."

இவ்வளவு சீக்கிரம் பழம் நழுவி மடியில் விழும் என்று பிழையார் நினைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். 'வேலை'யை நோக்கிப் பேனா இறங்கியது.

"இதையும் பக்கத்துல வெச்சுப் பாத்துக்குங்க," என்று அவள் மிஷின் இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தாள். "மாதிரித் தாள் ரெண்டு எடுப்பீங்களாமே. ஒண்ணு அச்சகத்துக்கு, ஒண்ணு வாடிக்கையாளருக்கு."

இரண்டு எடுப்பார்கள். இருபத்தாறு வருஷமாக அவருக்கே தெரிந்த விஷயம்.

அதிலும் அதே கையெழுத்து. 'பிழையில்லை. அச்சிடலாம்.' ஆனால் இந்தத் தாளில் 'வேலை'யைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், தையல் போட்டது போன்ற குட்டிக் குட்டி எழுத்தில், 'வேளை என்று இருக்க வேண்டும்.' அடியில், 'மொத்தம் ஒரு பிழை.'

கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அவருக்கு எழுதிய முதல் வரி. பழக்கதோஷம், ஒற்றெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாக இருந்தது.

"எப்போலருந்து தெரியும்?" என்றார்.

"திரைச்சீலை குடுக்கப் போன அன்னிக்கு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"வேளையா வேலையான்னு எனக்கு என்னங்க தெரியும்? நான் வலி மேல விழி வெச்சுக் காத்திருந்தவதானே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாலு பிழையையும் திருத்தாமல் விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"திருத்தறதுன்னா தாராளமா திருத்துங்க," என்றாள் அவள். "ஏன் திருத்தினீங்க, முன்னாடி யார் பாத்தாங்கன்னு தெருவுல கேட்டா என்ன சொல்றதுன்னு மட்டும் யோசிச்சுக்குங்க. எனக்குப் பொய் வராது."

சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போகவில்லை. சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்து இடுப்பை நீட்டிக்கொண்டாள். அதில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

பிழையார் பேனாவைப் பார்த்தார். 'ல'வைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். 'பிழையில்லை. பத்தாயிரம் அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சமையலறை மேடையைத் துடைக்கப் போனார்.